தரிசு என்று எழுதாதீர்கள்

புவியியல் ஆசிரியையாக என் மாணவிகளைத் தார் பாலைவனத்துக்கு அழைத்துச் சென்றேன். ஜெய்சல்மேர் அருகே ஓர் ‘ஓரண்’. தெய்வத்தின் பெயரால் ஊரார் காத்துவரும் மேய்ச்சல் காடு. அங்கே பச்சை மரத்தில் கோடரி விழக் கூடாது. ஒரு சதுர மீட்டரைக் கயிற்றால் வளைத்து, உள்ளே இருப்பதை எண்ணச் சொன்னேன். “வெறும் மணல்தானே டீச்சர்?” என்றவள், சேவண் புல், எறும்புப் புற்று, ஆட்டுப் புழுக்கை, ஓணான் தடம் என்று அரைப் பக்கம் எழுதினாள்.

ஆடு மேய்த்த பெரியவர் கேஜ்ரி மரத்தைக் காட்டினார். நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான் அது. இலை ஆட்டுக்குத் தீவனம். காய் வீட்டுக்குக் கறி. இந்த மரத்தை வெட்ட விடாமல் 1730-இல் ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் சமூக மக்கள் உயிர் கொடுத்தார்கள்.

வருவாய்ப் பதிவேட்டிலோ ஓரண்கள் பலவும் ‘தரிசு’. அதனால் சூரிய மின் நிலையங்களுக்கு ஒதுக்குவது எளிதாகிறது. அந்த நிலையங்களின் மின்கம்பியில் மோதிச் சாகிறது கானமயில் என்னும் பறவை. காட்டில் மிஞ்சியவை 200-க்கும் குறைவு. சூரிய மின்சாரம் வேண்டும்; ஓரணை விட்டுவைத்து இடம் தேடுங்கள். ஓரண்களை அளந்து காடாக அறிவிக்க 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. அந்தப் பணி தாமதமின்றி முடிய வேண்டும்.

பாலை என்றால் வெறுமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை ஆசிரியர்களாகிய நாமும் நிறுத்துவோம்.