2070 இருக்கட்டும், உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடு!



2070-க்குள் இந்தியா 'நிகர பூஜ்ய உமிழ்வு' நாடாகும் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். அதற்கும் முன்பே தமிழ்நாடு எட்டிவிடும் என்றது மாநில அரசு. அது என்ன பூஜ்யம்? வானத்துக்கு விடுகிற கரியமில வாயுவை முடிந்த மட்டும் குறைப்பது. மீதியை மரமும் மண்ணும் இழுத்துக்கொள்ளும்படி செய்து கணக்கை நேராக்குவது. நல்லதுதான். பருவம் தப்பிய மழையில் விதைத்ததை இழக்கிற நமக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நாம் கேட்பது ஒன்றுதான்: இந்த வேலையை யார் செய்வது? டெல்லியிலும் சென்னையிலும் உட்கார்ந்து செய்துவிட முடியுமா?

மதுரை மாநகரக் குப்பை போய்ச் சேர்ந்த இடம் அவனியாபுரம் பக்கத்து வெள்ளக்கல். காய்கறிக் கழிவும் எச்சில் இலையும் குவியலுக்கடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும். நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். அதே கழிவை வார்டிலேயே தரம் பிரித்து மக்க வைத்தால் நம்ம வயலுக்கு உரம். யூரியா மூட்டையும் குறையும். இது மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் நடக்க வேண்டிய வேலை.

கண்மாயை எடுத்துக்கொள்வோம். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வரத்துக்காலைச் செப்பனிட்டு, மடையையும் கலுங்கையும் சரிபார்த்தால் கண்மாய் நிரம்பும், கிணறு ஊறும், மோட்டார் ஓடுகிற நேரம் குறையும். நிலக்கரி எரித்து வருகிற மின்சாரமும் மிச்சம்.

"பஞ்சாயத்தால் என்ன ஆகும்?" என்று கேட்பவர்கள் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைப் பார்க்கட்டும். 2006-லேயே அந்த ஊராட்சி வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை வைத்தது. ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றது. கேரளத்தில் வயநாட்டு மீனங்காடி ஊராட்சி 2016-லேயே கரிச் சமநிலைத் திட்டத்தில் இறங்கியது.

நம்ம பக்கம் என்ன நடந்தது? அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணை ஊராட்சிகளுக்கென 29 இனங்களைச் சொல்கிறது. சிறுபாசனம், சமூகக் காடு, மரபுசாரா எரிசக்தி எல்லாம் அதில் உண்டு. ஏட்டில் உண்டு, கையில் இல்லை! 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சித் தேர்தலே இல்லை. மறுபடி 2025 ஜனவரி 5-ம் தேதி பதவிக்காலம் முடிந்ததும் சாவி தனி அலுவலர் கைக்குப் போனது. மாவட்டக் காலநிலை இயக்கம் அமைத்தார்கள்; கலெக்டர் தலைமை, வன அலுவலர் காலநிலை அதிகாரி. கிராமசபைக்கு அதில் என்ன இடம்?

அரிட்டாபட்டியை மறந்துவிட முடியுமா? 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024 நவம்பரில் அதையும் சேர்த்து மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. கிராமசபைகள் கூடித் தீர்மானம் போட்டன. சனம் மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு வந்தது. 2025 ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்து! மலையையும் கண்மாயையும் காப்பாற்றியது ஊர்க்கூட்டம்தான்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்து! தனி அலுவலர் ஆட்சியை இனி நீட்டாதே!

2. காலநிலைத் திட்டப் பணத்தில் பங்கை நேரடியாக ஊராட்சிக்குக் கொடு!

3. நகரக் குப்பையை வார்டிலேயே உரமாக்கு! பரிசோதித்த சுத்தமான உரத்தை விவசாயிக்குக் கொடு!

4. சோலார் தகட்டை அரசுக் கட்டடக் கூரையில் போடு! மேய்ச்சல் புறம்போக்கில் கை வைக்காதே!

5. கிராமசபை சம்மதிக்காத எந்தத் திட்டத்தையும் ஊருக்குள் கொண்டுவராதே!

விவசாயிகளே! வருகிற கிராமசபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பெண்களும் வரட்டும். இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும்!