மௌனியைத் தேடினேன், கிடைக்கவில்லை

மௌனியின் சிறுகதைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று செம்மையாக்கத்துக்கு வந்தது. வேர்டில் ‘மௌனி’ என்று தேடினேன். இல்லை என்றது. பக்கத்துக்குப் பக்கம் மௌனிதான் இருக்கிறார்!

எழுதியவர் ஔகாரக் குறியைத் தட்டவில்லை. ‘மெ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டியிருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. யூனிகோடில் ஔகாரக் குறியின் எண் 3020. ளகரத்தின் எண் 2995.

சொன்னால், “பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு? அதெல்லாம் டெக்னிக்கல் ஆளுங்க வேலை” என்கிறார்கள். அப்படியா? ஒற்று விட்டுப்போனால் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறோமே, அது மட்டும் யார் வேலை? இதுவும் எழுத்துப்பிழைதான்.

கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. தேடல் பெட்டியில் ^ குறி, ஒட்டினாற்போல் ஆங்கிலச் சின்ன ‘யு’, பிறகு எகரக் குறியின் எண் 3014. அதே முறையில் தொடர்ந்து 2995. இரண்டும் சேர்ந்து நிற்கும் இடமெல்லாம் அகப்படும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள். ‘தெளிவு’ம் அந்த வலையில் விழும், அதைக் கெடுத்துவிடுவீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்குத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். டெக்னிக்கல் ஆளிடம் எப்படித் தள்ளிவிடுவது?

அச்சில் இந்தப் பிழை யாரையும் தடுக்காது. இணையத்திலோ தேடினால் கிடைப்பதுதான் வாசிக்கப்படும். பத்து வருஷம் கழித்து ஒரு மாணவர் மௌனியைத் தேடுவார். நம் கட்டுரை அவர் கண்ணில் படவே படாது.

பிறகு ‘நம்மை யாரும் வாசிப்பதில்லை’ என்று புலம்பி என்ன பயன்?