ஆண்டது இருக்கட்டும், அப்புறம்?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். நாங்குநேரி வருவதற்குள் வழியில் எத்தனை ஃபிளெக்ஸ் போர்டுகள்? காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும். மேலே ஒரு சிங்கம் உறுமும், அல்லது புலி பாயும். இரண்டு வாள்கள் குறுக்கே கிடக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட பையன்கள் வரிசையாக நிற்பார்கள். நடுவில் கொட்டை எழுத்தில், ‘ஆண்ட பரம்பரை’.

எந்தச் சாதி போர்டு என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற சாதிக்காரர்கள் எல்லாம் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நிறம்தான் வேறு, வாசகம் ஒன்றுதான். ராஜராஜ சோழனுக்கு இன்றைக்கு எத்தனை சாதிக்காரர்கள் வாரிசுரிமை கோருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில் அந்த மனுசனுக்குப் பெரிய கோயில் கட்ட நேரம் எப்படிக் கிடைத்தது என்று ஆச்சரியமாக இருக்கும்.

சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். ஆண்டீர்கள். உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் சிம்மாசனத்தில்தான் இருந்தார். வயலில் யாருமே இறங்கவில்லை, ஆடு யாருமே மேய்க்கவில்லை, பனை யாருமே ஏறவில்லை. ஊரே அரசர்களாக இருந்த அந்தக் காலத்தில் சோறு எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை. என் கேள்வி வேறு. ஆண்டது இருக்கட்டும், அப்புறம் என்ன செய்தீர்கள்?

உண்மையாகவே ஆண்ட பரம்பரையில் பிறந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். நம்மூர் ஆள் இல்லை, போலந்துக்காரர். பெயர் யான் பொடோட்ஸ்கி. 1761இல் பிறந்தார். பொடோட்ஸ்கி குடும்பம் என்றால் சாதாரணப் பண்ணையார் குடும்பம் இல்லை. நாட்டின் மிகப் பெரிய சீமான் வீடுகளில் ஒன்று. கண்ணுக்கெட்டிய தூரம் நிலம், நிலத்தோடு சேர்ந்து அதில் உழைக்கும் பண்ணையடிமைகள்.

அந்த நாட்டுச் சீமான்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. கேட்டால் உங்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். தாங்கள் சர்மேஷியர் என்னும் பழைய போர்வீரர் குலத்தின் வழித்தோன்றல்களாம். உழுகிற குடியானவன் வேறு ரத்தமாம். ஒரே மொழி பேசி, ஒரே கோயிலில் முழங்காலிட்டு, ஒரே மண்ணில் புதைக்கப்படுகிறவர்களுக்கு இரண்டு ரத்தம்! மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பேர் இந்த ‘உயர்ந்த ரத்தம்’. இவர்கள்தான் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து ‘ஒத்துக்கொள்ள மாட்டேன்’ என்று சொன்னால் போதும், கூட்டமே கலைந்துவிடும். அப்படி ஒரு உரிமை வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் ராஜா.

விளைவு? 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைக் கூறு போட்டுக்கொண்டன. 123 வருடம் உலகப் படத்தில் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால், 1791இல் நாட்டைச் சீர்திருத்த ஓர் அரசியல் சட்டம் வந்தபோது, தங்கள் சலுகை போய்விடுமே என்று மறுவருடமே ரஷ்யப் படையை உள்ளே அழைத்தவர்களும் இதே சீமான்கள்தான். தர்கோவித்சா என்ற ஊரின் பெயரால் அவர்கள் அமைத்த கூட்டணிக்குத் தலைமை தாங்கியவர் இன்னொரு பொடோட்ஸ்கி, நம்ம யானின் உறவினர். இன்றைக்கும் போலந்தில் ‘தர்கோவித்சா’ என்றால் துரோகம் என்று அர்த்தம். ஆண்ட பரம்பரை ஆண்ட லட்சணம் அது.

இந்தக் கூட்டத்தில் பிறந்த யான் என்ன செய்தார்? ஆஸ்திரியப் படையில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு ஊர் சுற்றப் புறப்பட்டார். துருக்கி, எகிப்து, மொரோக்கோ, காகசஸ் மலைநாடு. 1790இல் பிளான்ஷார் என்ற பிரெஞ்சுக்காரரோடு பலூனில் ஏறி வார்சா நகரத்துக்கு மேலே பறந்தார். 1805இல் ரஷ்யாவிலிருந்து சீனாவுக்குக் கிளம்பிய தூதுக்குழுவில் அறிஞர்கள் பிரிவுக்குத் தலைவராகப் போனார். மங்கோலியாவில் உர்கா வரைக்கும் போனதும், சீனப் பேரரசருக்காக மண்டியிட்டுத் தலை தரையில் பட வணங்க வேண்டும் என்றார்கள். தூதர் மாட்டேன் என்றார். யாருடைய கௌரவம் பெரிது என்ற தகராறில் மொத்தக் குழுவும் பெய்ஜிங்கைப் பார்க்காமலேயே திரும்பியது. கௌரவம் என்ற சரக்கின் விலை என்ன என்று பொடோட்ஸ்கிக்கு நேரடியாகத் தெரியும்.

போன இடமெல்லாம் எழுதினார். மக்களின் மொழி என்ன, வழக்கம் என்ன, பழைய நூல்கள் அவர்களைப் பற்றி என்ன சொல்கின்றன என்று குறித்தார். தன் குலத்தார் மேடையில் முழங்கிய அந்தச் சர்மேஷியா இருக்கிறதே, அதைப் பற்றியே நூல் எழுதினார். பெருமை பேசி அல்ல, கிரேக்க, லத்தீன் சான்றுகளைத் தேடி அடுக்கி. பரம்பரையைப் பற்றி அவ்வளவு ஆசை இருந்தால் செய்ய வேண்டிய வேலை அது. படிப்பது, நடப்பது, விசாரிப்பது, எழுதுவது. போர்டு வைப்பது அல்ல.

அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவல் ‘சரகோசாவில் கிடைத்த கையெழுத்துப் பிரதி’. நம்ம விக்கிரமாதித்தன் கதை மாதிரி கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை. நாயகன் ஓர் இளம் படை அதிகாரி. அவன் அப்பாவோ வாள்சண்டைத் தகராறுகளில் கௌரவத்துக்குத் தீர்ப்புச் சொல்லியே பெயர் வாங்கியவர். பையனுக்கும் மூச்சுக்கு முந்நூறு தடவை மானம், மானம். அவனை ஸ்பெயின் மலைக்காட்டில் கொண்டுபோய் விட்டு, முஸ்லிம் பெண்கள், யூத மந்திரவாதி, நாடோடிக் கூட்டத் தலைவன், கணக்குப் புலி என்று எல்லோர் கதையையும் காது கொடுத்துக் கேட்க வைக்கிறார் பொடோட்ஸ்கி. கேட்கக் கேட்கப் பையனின் விறைப்பு தளர்கிறது. சீமான் வீட்டுப் பிள்ளை தன் சாதியின் கௌரவத்தைப் பார்த்தே சிரித்த சிரிப்பு அது.

அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. அவர் பயணத்துக்கான காசு பண்ணையடிமைகளின் முதுகில் விளைந்தது. அதையும் மறக்கக் கூடாது. 1815இல் மனச்சோர்வில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஆனால் இருநூறு வருடம் கழித்து அந்தக் குடும்பத்தில் யார் பெயரைப் பிரியத்தோடு சொல்கிறார்கள்? படையை அழைத்து வந்தவரையா, புத்தகம் எழுதியவரையா?

‘போலந்துக்காரன் கதை நமக்கெதுக்கு அண்ணாச்சி’ என்பீர்கள். நியாயம்தான். நாங்குநேரிக்கே வருவோம்.

வானமாமலைப் பெருமாள் கோயில் தெரியும். கோயில் எண்ணெய்க் கிணறு தெரியும். ஜீயர் மடம் தெரியும். அந்தப் பெருமாள் பெயரைத் தாங்கி, அதே ஊரில் வைணவ அந்தணக் குடும்பத்தில் 1917இல் பிறந்த ஒருவரைத் தெரியுமா? பேராசிரியர் நா. வானமாமலை. நா.வா. என்றால் ஆய்வுலகத்தில் தெரியாதவர் இல்லை. போர்டு வைக்கிற பையன்களைக் கேட்டுப் பாருங்கள். ‘யாரு, எம்.எல்.ஏ.வா?’ என்பார்கள்.

பிறப்பால் உயரம் என்று ஊர் சொன்ன இடத்தில் பிறந்தவர். அதை வைத்து ஒரு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். அவர் பொதுவுடைமைக் கட்சிக்குப் போனார். ஆசிரியர் வேலையை விட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தார். எந்த நாக்குகளை ‘படிக்காத நாக்கு’ என்று படித்தவர்கள் ஒதுக்கினார்களோ, அந்த நாக்குகளின் பாட்டைத் தேடிப் போனார். நாற்று நடுகிறவள் பாட்டு, ஏற்றம் இறைக்கிறவன் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பு வந்தது. கையில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். பாட்டைச் சொன்னவர் யார், சேகரித்தவர் யார், எந்த ஊர் என்று பெயர் போட்டிருக்கும். ஒரு பாட்டுக்கு ஓர் உழைப்பாளியின் பெயரைப் போடுவது மரியாதை. தன் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொள்வது மரியாதையில் சேராது.

1967இல் நெல்லை ஆய்வுக் குழு. 1969இல் ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழ். பல்கலைக்கழகக் கட்டடம் இல்லை, மானியம் இல்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிக் கட்டுரை படித்துச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் அரிவாள் கிடையாது, அடிக்குறிப்புதான். ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பட்டறையில் வந்தவர்கள்.

1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகக் கதைப்பாடல்களைப் பதிப்பித்தார் நா.வா. அதில் ஒன்று முத்துப்பட்டன் கதை. பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கை வைக்கிறார்களே, அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். அந்தணப் பிள்ளை. செருப்புத் தைக்கிறவரின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டான். அவர்கள் அப்பா நிபந்தனை போட்டார். பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தை, அப்புறம் பெண் கேள். செய்தான். மாமனார் மாட்டைக் கள்ளர் கூட்டம் ஓட்டிக்கொண்டு போனபோது சண்டையிட்டுச் செத்தான். சாமியானான்.

இந்தக் கதைக்குள்ளும் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டுக் குழந்தைகளாம். காட்டில் கிடந்ததைச் செருப்புத் தைக்கிறவர் எடுத்து வளர்த்தாராம். கதையின் முதுகெலும்பையே உருவுகிற வேலை. பிற்காலத்துச் செருகல் இது என்று எடுத்துக் காட்டினார் நா.வா. கவனியுங்கள். செருகலால் லாபம் அவர் பிறந்த சாதிக்கு. செருகலைப் பிடித்தவரும் அதே சாதியில் பிறந்தவர். பிறப்பைத் தாண்டுவது என்றால் இதுதான். தன் பக்கத்துப் பொய்யைத் தானே பிடிப்பது.

இனி, சொல்ல நாக்கு கூசுகிற விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 9. அதே நாங்குநேரி. பிளஸ் டூ படிக்கிற ஒரு தலித் மாணவர் வீட்டுக்கு ராத்திரி நேரத்தில் அரிவாளோடு போனார்கள். போனவர்கள் ரௌடிகள் இல்லை, கூடப் படித்த பையன்கள். தன்னை அவர்கள் துன்புறுத்துகிறார்கள் என்று அவர் பள்ளியில் புகார் சொன்னதுதான் குற்றம். அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக்கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள். கயிறு விஷயத்தில் 2019இலேயே பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது அமுங்கிப்போனதையும் பார்த்தோம்.

பதினேழு வயதுப் பையனுக்கு அரிவாளை எடுத்துக் கொடுத்தது யார்? கொல்லன் இல்லை ஐயா. அந்த போர்டு. நீ ஆண்டவன், அவன் அடங்கியவன் என்று பிறந்ததிலிருந்து அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிற சிங்கமும் புலியும். ஆண்ட பரம்பரைக்காரன் பக்கத்து பெஞ்சுப் பையன் நன்றாகப் படிப்பதைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றால், அந்தச் சிம்மாசனம் எவ்வளவு ஆட்டம் கண்ட சிம்மாசனம்!

‘அப்போ ஒடுக்கப்பட்டவங்களும் வரலாறு தேடுறாங்களே, அது மட்டும் சரியா?’ என்று உடனே ஒரு கேள்வி வரும். வரட்டும். மிதிபட்டவன் ‘நானும் மனுசன்தான், எனக்கும் வரலாறு உண்டு’ என்பது ஒன்று. ‘நீ மனுசனில்லை, என் கீழே இரு’ என்பதற்கு வரலாறு தேடுவது வேறொன்று. முதலாவது கதவைத் திறக்கிறது, இரண்டாவது பூட்டுகிறது. ஆனால் அங்கேயும் சிங்கம் வரைய ஆரம்பித்தால், என் கேள்வி அவர்களுக்கும் உண்டு. ஆண்டது இருக்கட்டும், அப்புறம்?

நீங்கள் அப்பாவாக இருக்கலாம், மாமாவாக, சித்தப்பாவாக இருக்கலாம். அடுத்த கொடைக்கு போர்டு அடிக்கக் காசு கேட்டு வீட்டுப் பையன் வந்து நிற்பான். அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். அதே காசுக்கு நா.வா. தொகுத்த பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மிச்சக் காசுக்குப் பேருந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பாபநாசம் மலைக்குப் போய் அந்தச் செருப்புகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கூட, பக்கத்துத் தெருப் பையனையும் அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மாட்டேன் என்கிறானா? அப்படியானால் அவன் கையில் கயிறு கட்டியது யார் என்று வீட்டுக்குள்ளேயே விசாரியுங்கள்.