குதிகால் வலியும் இடுப்புக் குழந்தையும்

தலைவலி என்றால் தைலம் தேடுகிறோம். காய்ச்சல் என்றால் படுக்கை விரிக்கிறோம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "குதிகால் வலிக்கிறது" என்று சொன்னால் மட்டும், "நாள் முழுவதும் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டு அவரவர் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தப் பதிலில் நோயின் காரணம் ஏறக்குறையச் சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பரிகாரந்தான் சொல்லப்படவில்லை. அதைப் பற்றி இந்த வாரம் சிறிது பேசலாமென்று உத்தேசம்.

நம் அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம். அப்பொழுது மூத்தவனுக்கு மூன்று வயது. இளையவளுக்கு ஏழு மாதம். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. சட்டென்று எழுந்து வலது காலை ஊன்றினோம். குதிகாலில் ஆணி அறைந்தாற்போல் இருந்தது. நாலு மாதமாகவே படுக்கையை விட்டு எழுந்தால் இப்படித்தான். பத்தடி நடந்தால் குறைந்துவிடும். ஆகவே அதைப் பொருட்படுத்தாமல் குழந்தையை எடுத்துக்கொண்டு திரும்பினோம். அறை வாசலில் கால் ஊன்ற மறுத்துவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினோம். குழந்தையின் தலைக்கும் நிலைக்கும் இடையே நாலு விரற்கடைதான் இருந்திருக்கும். இந்த வலி நமக்கு மட்டும் சொந்தமான விஷயமல்ல என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது.

மறுநாள் வைத்தியரிடம் போனோம். நோய்க்குப் 'பிளாண்டர் பாஸியைடிஸ்' என்று பெரிய பெயர் சொன்னார். விஷயம் எளியதுதான். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரையில் உள்ளங்காலில் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்பது அதுவே. விரல்கள் மேலே மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதுபோல் இந்தப் பட்டை இறுகி, பாதத்தின் வளைவை உயர்த்துகிறது என்று ஹிக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1954-ஆம் ஆண்டில் விளக்கினார். நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் இது நடைபெறுகிறது. பட்டையின் சக்திக்கு மீறிப் பாரம் ஏறினால், அது குதிகாலில் பற்றியிருக்கும் இடம் புண்பட்டு நோகிறது. இரவில் ஓய்ந்து சுருங்கிய பட்டை, எழுந்து வைக்கும் முதல் அடியில் திடீரென்று இழுபடுகிறது. விடியற்கால வலியின் ரகசியம் அவ்வளவுதான்.

குழந்தை பெற்றவர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம் உண்டு. கர்ப்ப காலத்தில் உடல் எடை ஏறுவதோடு, மூட்டுக்களைப் பிணைக்கும் நார்களும் தளர்கின்றன. சிலருக்குப் பாதத்தின் வளைவு தாழ்ந்து, பாதமே சற்று நீண்டுவிடுகிறது. பழைய செருப்பு பிரசவத்திற்குப் பிறகு இறுக்கமாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வயதுக் குழந்தை சுமார் 9 கிலோ இருக்கும். அதை ஒரே இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லைப் போன்ற தரையில் வெறுங்காலுடன் நாளெல்லாம் நடந்தால் அந்தப் பட்டை என்ன செய்யும், பாவம்!

இனிப் பரிகாரங்களைக் கவனிப்போம். காலையில் காலைத் தரையில் வைப்பதற்கு முன் படுக்கையிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றொரு முழங்காலின் மேல் போட்டுக்கொண்டு, விரல்களைக் கையால் பிடித்து முன்காலை நோக்கி வளைக்க வேண்டும். பத்து எண்ணும் வரையில் பிடித்து விட வேண்டும். இவ்வாறு பத்துத் தடவை. நாளைக்கு மூன்று வேளை. நாட்பட்ட குதிகால் வலிக்காரர்களுக்கு இந்தப் பயிற்சி நல்ல பலன் தருவதாக அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. சுவரில் கையை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் அரை நிமிஷம் நின்று கெண்டைக்கால் தசையை இழுத்து விடுவதும் அவசியம்.

வலி சற்றுத் தணிந்த பிறகு பாதத்தைப் பலப்படுத்த வேண்டும். விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, படியின் விளிம்பில் நின்று, குதிகாலை மெள்ள உயர்த்தி மெள்ளத் தாழ்த்துவது ஒரு நல்ல பயிற்சி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். டென்மார்க்கில் 2014-ல் வெளியான ஆராய்ச்சியில், இதைச் செய்தவர்கள் மூன்று மாதத்தில் வெறும் நீட்டற் பயிற்சி செய்தவர்களைவிட அதிகக் குணமடைந்திருந்தார்கள். கையில் குழந்தையுடன் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

நீர் நிரப்பி உறைய வைத்த புட்டியைத் துணியில் சுற்றி, உள்ளங்காலின் கீழ் பத்து நிமிஷம் உருட்டினால் இதமாக இருக்கும். நம் மூத்த பிள்ளைக்கு அந்தப் புட்டியை உருட்டித் தருவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஆனால் நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் பனிக்கட்டியையோ வெந்நீரையோ தாமாக உபயோகிக்கலாகாது. பால் கொடுக்கும் தாய்மார் வலி மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் விழுங்க வேண்டாம். குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் சுகம் தரலாம். அடிக்கடி போட்டால் பட்டையே அறுந்துபோகும் அபாயம் உண்டு. 'எக்ஸ்ரே' படத்தில் எலும்பு முள்போல் வளர்ந்திருப்பதாகத் தெரிந்தாலும் நடுங்க வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. ஆனால் காலில் மரமரப்பு, வீக்கம், காய்ச்சல், ஓய்விலும் விடாத வலி இவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே வைத்தியரைக் காண வேண்டும்.

அடுத்தது செருப்பு விஷயம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிய வேண்டுமென்று வைத்தியர் சொன்னதும் நம் மாமியார் முகம் வாடிற்று. அடுக்களையில் செருப்பாவது! நாமும் அப்படி வளர்ந்தவர்தாமே? கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வெளி மண் படாத புதுச் செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்கென்றே வாங்கினோம். பூஜை அறை வாசலில் அதைக் கழற்றிவிடுவது. சமையல் மேடைக்கு முன்னால் தடித்த மிதியடி ஒன்று. ஒரு மாதம் சென்றபின் மாமியாரே, "எனக்கும் ஒரு ஜோடி வாங்கி வா, அம்மா" என்றார்கள். முப்பது வருஷமாக அவர்களுக்கும் குதிகால் வலி இருந்ததாம். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வைத்தியர் சொன்னவற்றுள் கடினமானது ஒன்றே: "காலுக்கு ஓய்வு கொடுங்கள்." இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த ஓய்வு எங்கிருந்து வரும்? வேறொருவர் காலிலிருந்துதான் வர வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பின்புதான் நம் வீட்டில் உண்மையான சிகிச்சை ஆரம்பமாயிற்று. இரவில் குழந்தை அழுதால் எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. மாலையில் இளையவளை வைத்துக்கொள்வதும் அவரே. கறிகாய் நறுக்குவது, துணி மடிப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் உட்கார்ந்துதான். சோற்றுக் கிண்ணத்துடன் பிள்ளையின் பின்னால் வீடெல்லாம் ஓடும் வழக்கத்தை நிறுத்தினோம். இரண்டு நாள் அவன் முரண்டினான். மூன்றாம் நாள் தானே வந்து எதிரில் உட்கார்ந்தான். "தூக்கு" என்று கேட்டால், முதலில் நாற்காலியில் ஏறிக்கொள்ளச் சொல்லி, அதன் பிறகு அணைத்துக்கொள்வோம்.

பெரும்பாலோருக்கு இந்த நோய் அறுவைச் சிகிச்சையின்றி ஒரு வருஷத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. நமக்கு ஏழு மாதம் பிடித்தது. நடுவில், சுகமாகிவிட்டதென்று எண்ணி ஒரு கல்யாண வீட்டில் நாள் முழுவதும் வெறுங்காலுடன் நின்று, மூன்று வாரம் பின்னுக்குப் போனதும் உண்டு. ஆகையால் பொறுமை வேண்டும். பயிற்சியை விட்டுவிடாத பிடிவாதமும் வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: வலியை ஒளித்து வைப்பது பொறுமையாகாது. கையில் குழந்தை இருக்கிறது என்பதை நினைத்தாவது சொல்லிவிடுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாளைக் காலையில் அந்த அம்மாள் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் நாலு அடிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கேள்வி ஒன்றும் கேட்க வேண்டாம். குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.