லண்டனில் சரி, கிளிநொச்சியில் மைனஸ் 28

கடந்த சித்திரையில் ஒரு மத்தியானம் ஊரில் இருந்து அண்ணர் போன் எடுத்தார். "தம்பி, வெயில் மண்டையைப் பிளக்குது. உங்கட பெட்டி மைனஸ் இருபத்தெட்டு எண்டு காட்டுது. வயலுக்குப் போட்டு வந்து பார்த்தா 14 கோழி செத்துக் கிடக்குது. ஃபேன் ஓடவே இல்லை."

அந்தப் பெட்டியைச் செய்தது என் மகள். தகரக் கூரை போட்ட கோழிக்கூட்டில் வெப்பம் 33 பாகையைத் தாண்டினால் ஃபேன் தானாக ஓட வேண்டும். ஒரு ஆர்டுயினோ ஊனோ, ஒரு எல்.எம்.35 சென்சர், அவ்வளவுதான். மார்கழியில் இங்கே வீட்டில் 25 பாகைக்கு வைத்துச் சோதித்தோம். சென்சரை விரலால் பொத்திப் பிடித்தாள், ஃபேன் ஓடியது. கைதட்டினோம். பிறகு 25ஐ 33 ஆக மாற்றி அனுப்பிவிட்டோம்.

பிழை சென்சரில் இல்லை, கணக்கில் இருந்தது. அந்தச் சென்சர் ஒரு பாகைக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஊனோ 5 வோல்ட் வரையான அழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாக்கும். அதை 500ஆல் பெருக்கி 1024ஆல் வகுத்தால் பாகை வரும். கடதாசியில் சரியான கணக்கு. ஆனால் ஊனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான்; 32,767க்கு மேல் கொள்ளாது. 35 பாகையில் சென்சர் எண் 72. அதை 500ஆல் பெருக்கினால் 36,000. பழைய மோட்டார்சைக்கிள் மீட்டர் கடைசி எண்ணைத் தாண்டினால் பூச்சியத்துக்குத் திரும்பும். இது மைனஸ் 29,536க்குப் போய்விட்டது. வகுத்தால் மைனஸ் 28.

கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்தப் பிழை 32 பாகைக்கு மேல்தான் தலைகாட்டும். மார்கழி லண்டனில் அதை நாங்கள் எப்படிக் காண்பது?

மகள் முதலில் செய்த திருத்தம் இன்னொரு பிழை. பெருக்கல் வழியாதபடி வகுத்தலை முன்னால் போட்டாள். முழு எண் கணக்கில் 72ஐ 1024ஆல் வகுத்தால் பூச்சியம். பிறகு எதால் பெருக்கினாலும் பூச்சியம்தான். "எல்லாத்தையும் தசம எண்ணா மாத்து" என்றேன் நான். இந்த இடத்தில் அது வேலை செய்யும்தான். ஆனால் 0.1ஐக்கூட அந்தச் சிப்பால் துல்லியமாகச் சேமிக்க முடியாது. நாங்கள் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாதது போல. இரண்டு தசம எண்கள் சமமா என்று கேட்டால் பல நேரம் 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

கடைசியில் 500க்குப் பின்னால் 'எல்' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தாள். அப்போது 32 பிட் இடத்தில் கணக்கு நடக்கும். ஓர் எழுத்து, 14 கோழி.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்டு ஏறத்தாழ 40 செக்கனில் சிதறியது. ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்தபோது அது கொள்ளவில்லை. பழைய இடத்தில் சரியாக ஓடியதே என்ற அதே நம்பிக்கைதான்.

நாங்கள் ஊருக்கு நிறைய அனுப்புகிறோம். பள்ளிக்கூடங்களுக்கு ரோபோ கிட், கிணற்றுக்கு நீர்மட்டக் கருவி, தோட்டத்துக்கு ஈரப்பதக் கருவி. நல்ல விஷயம். ஆனால் 'வெளிநாட்டில இருந்து வந்தது, பிழைக்காது' என்று ஊர்ச்சனம் அதை நம்பும். அந்த நம்பிக்கைக்கு நாங்கள்தான் பொறுப்பு.

பிள்ளை ஒரு கருவி செய்து காட்டினால், 'ஓடுதா?' என்பதோடு நிற்காதீர்கள். 'இந்த எண் எவ்வளவுக்குப் போகும்? ஊர் வெயிலில் எவ்வளவு வரும்?' என்றும் கேளுங்கள். அடுப்படியில் ஒரு முடி உலர்த்தியைச் சென்சருக்கு நேரே பிடித்திருந்தால் எங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

புதிய நிரலைப் போட்ட பெட்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அண்ணர் அதற்குப் பக்கத்தில் ஒரு சாதாரண வெப்பமானியும் தொங்கவிட்டிருக்கிறார். மகளுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். அதைக் கழற்ற வேண்டாம் என்று அண்ணரிடம் நான்தான் சொன்னேன்.