அமில மண்ணும் அனல்மின் புகையும்

தேயிலை அமில மண்ணில் செழிப்பது, நுரைச்சோலை அனல்மின் நிலையமோ நம் ஊவா மலைகளுக்கு வெகு தூரம், ஆதலால் அதன் புகையைச் சுத்திகரிக்கும் செலவு நமக்கு வீண் என்று வாதிக்கும் நண்பர்களின் அபிப்பிராயத்தை நான் முற்றாக மறுக்கிறேன்.

தேயிலை விரும்பும் அமிலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மண்ணின் பிஎச் அளவு 4.5க்குக் கீழே இறங்கிவிட்டால் அதை மீட்பதற்காகவே, கவ்வாத்து முடிந்த மலைகளில் தொழிலாளர்கள் முகத்திலும் தோளிலும் வெண்மாவு படியப் படிய டொலமைட்டைத் தூவுகிறார்கள். பல்லாண்டு உரத்தால் ஏற்கெனவே புளித்துப்போன மண்ணின்மீது வானத்திலிருந்தும் அமிலம் இறங்கட்டும் என்பது என்ன நியாயம்?

தூரமும் அரணாகாது. அப்புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு காற்றிலே நுண்ணிய சல்பேற்றுத் துகளாக மாறி, பல நூறு கிலோமீற்றர் பிரயாணம் செய்து, சுவாசப்பையின் ஆழம்வரை புகவல்லது. லயத்து அடுப்படியில் விறகுப் புகையோடு வாழும் தாய்மாருக்கு அது மேலுமொரு பாரம்.

இந்தியா 2025 ஜூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக வாயுவை அகற்றும் சாதனம் பொருத்தும் நிபந்தனையிலிருந்து விலக்களித்ததை முன்னுதாரணமாகக் காட்டுவோர், பெருநகரங்களை அண்டிய நிலையங்களுக்கு அந்நிபந்தனை நீடிப்பதைச் சொல்வதில்லை.

900 மெகாவாட் நுரைச்சோலையில் கடல்நீரின் இயல்பான காரத்தன்மையைக் கொண்டே கந்தக வாயுவைக் கழுவும் சாதனம் இருக்கிறது. நைதரசன் ஒட்சைட்டுகளையோ அமோனியாவும் ஊக்கியும் சேர்ந்து தீங்கற்ற நைதரசனாகவும் நீராகவும் மாற்றவல்லவை. சாதனங்கள் இடையறாது இயங்க வேண்டும்; அளவீடுகள் பிரஜைகளுக்குப் பகிரங்கமாக வேண்டும். புகைபோக்கியிலேயே அடக்கத்தக்க அமிலத்தைத் தோட்டத் தொழிலாளியின் முதுகில் ஏற்றுவது சிக்கனம் அன்று, அநீதி.