முதுகெலும்பில் குண்டு! கழுத்தில் தங்கப் பதக்கம்!

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். ஜவ்வாது மலை அடிவாரத்து ஜனங்கள் எல்லாம் அங்கே வருவார்கள். அந்தக் கூட்டத்தில், லீவில் வந்த பட்டாளத்துப் பையன் ஒருவனாவது கண்ணில் படாமல் போக மாட்டான். வேலூர் மாவட்டம் ராணுவத்துக்குப் பேர் போனது. கம்மவான்பேட்டை என்ற ஊரை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள்.

பையன் நன்றாக ஓடுவான், பந்து உதைப்பான். உடனே பெரியவர்கள், "பட்டாளத்தில் சேர்டா" என்பார்கள். அதில் தவறு இல்லை. பட்டாளம் நல்ல விளையாட்டுக்காரர்களை உண்டாக்கி இருக்கிறது. வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் கால்பந்து டீம் 1955-இலும் 1958-இலும் துராந்து கோப்பையை வென்றது. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஒலிம்பிக் பந்தயத்திலும் ஆடியவர் அவர்.

ஆனால், யுத்தம் வந்தால்?

போலந்து நாட்டுக் கால்பந்து டீம் 1938 ஜூனில் உலகக் கோப்பையில் பிரேசிலோடு மோதியது. 6-5 என்ற கணக்கில்தான் தோற்றது. என்ன அருமையான ஆட்டம்! அடுத்த ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி அந்த நாட்டின் மீது ஜெர்மனி படை எடுத்தது. மைதானத்தில் ஓடிய வாலிபர்கள் துப்பாக்கி தூக்கினார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. பெயர் முரளிகாந்த் பெட்கர்.

மல்யுத்தப் பையன்

மராட்டிய மாநிலம் சாங்லி பக்கத்தில் இஸ்லாம்பூரைச் சேர்ந்தவர். 1944-இல் பிறந்தார். சின்ன வயதில் மல்யுத்தம். பிறகு பட்டாளத்தில் சேர்ந்து குத்துச்சண்டை கற்றார். 1964-இல் ஜப்பானுக்குப் போய், ராணுவ வீரர்களுக்கான சர்வதேசப் போட்டியில் பதக்கம் வாங்கி வந்தார்.

மறு ஆண்டே பாகிஸ்தானோடு யுத்தம். சியால்கோட் முனையில் விமானத் தாக்குதல். பெட்கர் உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தன. ஒரு குண்டு முதுகெலும்பில் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே கால்கள் செயல் இழந்தன. அப்போது அவருக்கு வயது 20.

பம்பாயில் கடற்படை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கை கால் பயிற்சிக்காகத் தண்ணீரில் இறங்கச் சொன்னார்கள். இறங்கியவர் நீந்தினார்! நீந்தி நீந்தி, 1972-இல் மேற்கு ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக் போட்டிக்குப் போனார். 50 மீட்டர் தூரத்தை 37.33 வினாடியில் கடந்தார். உலக சாதனை! தங்கப் பதக்கம்!

ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனி ஆளாகத் தங்கம் வென்றது 2008-இல்தான். சுட்டவர் அபினவ் பிந்த்ரா. அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே பெட்கர் தங்கத்தோடு திரும்பிவிட்டார். எத்தனை பேருக்குத் தெரியும்?

பரிசு எப்போது?

1982-இல் அர்ஜுனா விருது கேட்டார். கிடைக்கவில்லை. பூனாவில் டெல்கோ கம்பெனியில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பத்மஸ்ரீ வந்தது 2018-இல். அர்ஜுனா விருது கையில் கிடைத்தது 2025 ஜனவரியில். அப்போது அவருக்கு வயது 80. அதற்கு முந்தைய ஆண்டு அவர் கதையைச் சினிமாவாக எடுத்தார்கள். சினிமா வந்த பிறகுதான் பாதி நாட்டுக்கு அவர் பெயர் தெரிந்தது. இது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

ஒடுகத்தூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, "எங்கேயோ மராட்டியத்தில் நடந்தது" என்று இருந்துவிட வேண்டாம். வேலூரிலேயே ஒரு பெண்மணி இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் அவருக்கும் இடுப்புக்குக் கீழே செயல் போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-இல், நடக்க முடியாதவர்களுக்கு மறுவாழ்வு தரும் நிலையம் பாகாயத்தில் தொடங்கியது. அதை நடத்தியவர் அவர்தான். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்த ஆண்டு எது தெரியுமா? அதே 1972!

முதுகெலும்பு அடிபட்டவர்கள் அங்கே மாதக் கணக்கில் தங்கிப் பழகுகிறார்கள். தாங்களே கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுகிறார்கள், நாற்காலியை உருட்டுகிறார்கள். பிறகு ஊருக்குத் திரும்புகிறார்கள். அங்கே என்ன இருக்கிறது? வீட்டு வாசலில் மூன்று படி. பள்ளிக்கூடத்தில் ஐந்து படி. விளையாட்டு மைதானத்து வாசலில் மாடு நுழையாமல் இருக்கக் குறுக்குக் கம்பி! அந்தக் கம்பி மாட்டை மட்டுமா தடுக்கிறது?

காயம் பட்ட வீரனுக்கு ஊர் மாலை போடுகிறது, மேளம் அடிக்கிறது. நல்லதுதான். மாலை மறு நாளே வாடிவிடும். பிறகு ஐம்பது வருஷம் அவன் அந்தப் படிகளோடு வாழ வேண்டும். பென்ஷன் சோறு போடும், படி ஏற்றிவிடாது.

விளையாட்டு இடங்களை ஊனமுற்றோரும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் டில்லியில் இருக்கிறது. சிமெண்டும் ஜல்லியும் நம் ஊரில்தான் இருக்கின்றன. படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போடுவது கொத்தனாருக்கு அதிக நாள் வேலை அல்ல.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒடுகத்தூரைச் சுற்றி உள்ள ஊர்க்காரர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து, "எங்கள் மைதானத்துக்குச் சரிவுப் பாதை எப்போது?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.